நிமிடத்துக்கு எத்தனை

நவம்பர் 8

ஈரல் மாற்று ஆபரேஷன் முடிந்த அக்கா மகனை, எங்கள் குட்டியை, ஐசியூவிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அத்தான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. எனக்குத்தான் நிம்மதி வரமாட்டேன் என்கிறது. உள்ளே அவனுக்கென்று ஒரு சிஸ்டர் நின்றுகொண்டே இருப்பார். இங்கே ஒருவரே எல்லாக் கட்டிலையும் பார்க்க வேண்டும். மானிட்டர் சத்தம் இல்லாத அறையில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

நவம்பர் 9

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், மறுபடி ஐசியூவுக்குப் போக வேண்டி வருமா என்று. அபசகுனமாகக் கேட்கிறாளே என்று அத்தான் முகம் சுருங்கியது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. போகிற குழந்தைகள் உண்டு என்றார். சின்ன வயது, பத்து கிலோவுக்குக் கீழே எடை, ஆபரேஷனுக்கு முன்பே சத்துக் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது, வென்டிலேட்டரில் அதிக நாள் இருந்தது, வயிற்றை இரண்டாம் தடவை திறக்க நேர்ந்தது என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். திரும்பப் போவது பெரும்பாலும் மூச்சுத் தொல்லையாலும் தொற்றாலும். அப்புறம் ரத்தக்கசிவு, பித்தக்கசிவு, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது.

ராத்திரி முழுக்க இதே நினைப்பு. வயது பதின்மூன்று மாதம். எடை 7.8. ஆபரேஷனுக்கு முன்னால் தீபாவளிகூட ஆஸ்பத்திரியில்தான். இரண்டாம் தடவை திறக்கவில்லை, அது ஒன்றுதான் நம் பக்கம். டாக்டர் மடக்கிய விரல்கள் எல்லாமே நடந்து முடிந்த விஷயங்கள். இனி யாராலும் மாற்ற முடிவது அதில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் நாங்கள் மூன்று பேர் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறோம்? நைட் டூட்டி மலையாளி நர்ஸ் சேச்சியிடம் கேட்டேன். "மூச்சை எண்ணு மோளே" என்றார்.

நவம்பர் 10

34. தூங்கும்போது 30.

நவம்பர் 11

சேச்சி சொல்லிக்கொடுத்தபடி எண்ணுகிறேன். சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஒரு தடவை மேலே வந்தால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. முழு அறுபது விநாடி. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு 40ஐத் தொட்டால் வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூக்கு விடைக்கிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா, அதையும் பார்க்க வேண்டும். அழும்போது எண்ணினால் பிரயோஜனம் இல்லை.

அக்கா பக்கத்து நாற்காலியில், வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு. அவளுடைய ஈரலின் இடது ஓரத் துண்டுதான் இவனுக்குள் இருக்கிறது. மிச்சம் அவளுக்கு வளர்ந்துவிடுமாம். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. அதில் இவனும் சேர்த்தி. "நீ தூக்கு, நான் பார்த்துக்கிடுதேன்" என்கிறாள். அவன் அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே என் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

நவம்பர் 12

ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் நன்றாக இருக்கிறது. ஈரலுக்கு ரத்தம் ஓடுகிறது. இவ்வளவு சின்ன உடம்பில் அந்த ரத்தக்குழாய் சில மில்லிமீட்டர்தான். உள்ளே கட்டி பிடித்தால் நேரே தியேட்டருக்குத்தான். ஸ்கேன் பண்ணுகிறவர் வாயைத் திறக்கும் வரை அறையில் யாரும் பேசுவதில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து வடிகிற டிரெய்ன் பையில் வெளிர் மஞ்சள் நீர். பச்சை இல்லை, சிவப்பு இல்லை; பித்தமும் கசியவில்லை, ரத்தமும் கசியவில்லை.

நவம்பர் 13

அம்மா போன். "ஏட்டி, அன்னைக்கே கீழாநெல்லி அரைச்சுக் குடுத்திருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமா?"

பித்தக்குழாயே மூடிப்போன பிள்ளைக்கு எந்த இலை வழி திறக்கும்? மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறதே என்று முதலில் பதறியவள் அக்காதான். வெயிலில் காட்டு, சரியாகிவிடும் என்று சொன்னவர்கள்தான் மற்ற எல்லோரும். பித்தம் இறங்குவதற்குச் செய்கிற கசாய் ஆபரேஷனுக்கு முதல் 60 நாள்தான் நல்ல காலம். அதற்குள் டாக்டரிடம் ஓடியவள் அவள். அப்படியும் சில பிள்ளைகளுக்குப் பித்தம் இறங்குவதில்லை. அவள்மேல் பழி சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. போனை வைத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14

38. மதியம் 41. இப்போது 44, தூக்கத்தில். சேச்சியைக் கூப்பிட்டேன்.

நவம்பர் 15

ஐசியூ.

வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது. ஈரலும் அதுவும் உதரவிதானத்துக்குக் கீழும் மேலும் ஒட்டிக் குடியிருப்பதால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வலது பக்கம் நீர் சேர்வது சகஜம் என்றார்கள். ஊசி வைத்து எடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன். வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், தேவைப்படவில்லை.

காரிடாரில் ஒருவர் "வாபஸ் சலா கயா?", திரும்பப் போய்விட்டானா, என்று உச்சுக் கொட்டினார், பரீட்சையில் பெயிலானவனை விசாரிக்கிற தோரணையில். 44இல் போவதும் 70இல் நீலம் பாரித்துப் போவதும் ஒன்றா?

நவம்பர் 16

டெல்லி முனிர்காவில் இட்லி மாவு வாங்கப் போனேன். கடை பூட்டியிருந்தது.

நவம்பர் 17

வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை. புகை. காற்று மாசுக் குறியீடு 400க்கு மேல், ரொம்ப மோசம் என்று போன் காட்டுகிறது. நுரையீரல் பலவீனமான பிள்ளையை வைத்துக்கொண்டு நவம்பர் மாதத்து டெல்லியில் இருக்கிறோம், கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இங்கேதான் தேதி கிடைத்தது.

காத்திருக்கும் ஹாலில் அத்தான் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் காஞ்சிபுரத்துக் குழந்தை கதையைச் சொல்கிறார். 1998 நவம்பர், இதே டெல்லி, இந்தியாவில் முதன்முதலாக ஈரல் மாற்று வெற்றியடைந்த குழந்தை. இரண்டு வயதுகூட ஆகாதவன், இதே நோய், ஈரல் கொடுத்தவர் அப்பா. வளர்ந்து டாக்டராகவும் ஆகிவிட்டார். கேட்கிறவர்கள் கண் துடைத்துக்கொள்கிறார்கள். நானும்தான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு: வார்டுக்கு வந்த பிறகு அந்தக் குழந்தை ஒரு தடவையாவது திரும்ப உள்ளே போனதா? அதை எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை.

நவம்பர் 18

அக்கா கேட்டாளே என்று ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வந்தேன். திருநீறு ஐசியூவுக்குள் கூடாது. பொட்டலம் அத்தான் பர்ஸில்.

நவம்பர் 20

வார்டு. காலை பதினொரு மணிக்கு மாற்றினார்கள். ராத்திரியில் மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்கத் தயாராக நின்றேன். ராத்திரி வெளியே அனுப்பப்பட்டவர்கள் அதிகம் திரும்பி வருகிறார்கள் என்று பெரியவர்கள் ஐசியூ பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. கேட்க வேண்டியிருக்கவில்லை.

32. சிரித்தான்!

நவம்பர் 21

வயிற்றுப்போக்கு. பேதியானால் மருந்தும் வெளியே போய், ரத்தத்தில் அளவு குறையும் என்றுதானே நினைப்போம்? மாற்று ஈரலை உடம்பு விரட்டாமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் நேர்மாறு, ஏறும். ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆகாது, கை நடுங்கும். குறைந்தாலோ உடம்பு அக்காவின் ஈரலை வேற்றாள் என்று விரட்ட ஆரம்பிக்கும். காலை டோஸ் கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் போனார்கள்.

பக்கத்துக் கட்டில் பாட்டி பம்ப்ளிமாஸ் சுளை ஒன்றை உரித்து அவன் வாயருகே கொண்டுவந்துவிட்டார். இந்த மருந்துக்கும் அந்தப் பழத்துக்கும் ஜென்மப் பகை, அளவைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிடும். ஹிந்தியில் எனக்குத் தெரிந்த அத்தனை மரியாதையையும் போட்டு மறுத்தேன். பாட்டிக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

நவம்பர் 22

35. காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் மருந்து அளவு ரிப்போர்ட் நேற்று சாயங்காலம் என்றார்கள், இன்று மதியம் என்கிறார்கள். எடை 8.1. அத்தானுக்கு ஒரே குஷி, ஊருக்குப் போன் போடப் போகிறார். கூடினது சதையா நீரா என்று தெரியாமல் போடாதீங்க அத்தான் என்றேன். கண் இமை கொஞ்சம் ஊதின மாதிரி இருக்கிறது. சேச்சி எட்டு மணிக்கு டூட்டிக்கு வருவார், வந்ததும் பழைய தராசில் இன்னொரு தடவை போடச் சொல்ல வேண்டும்.