இடி மேல் பழி போட்ட கதை

போன மழையில் இடி விழுந்து வீட்டுக் கணினிகளைக் கேபிளால் இணைக்கிற பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் போய்விட்டது. சரி, பத்து வருஷம் உழைத்தாயிற்று என்று பத்து மடங்கு வேகமான ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். எல்லாம் வேலை செய்தது, டெபியன் 12 லினக்ஸ் ஓடுகிற என் கோர் 2 டுயோ கிழட்டுக் கணினியைத் தவிர. வீட்டுப் போட்டோக்கள் மொத்தமும் அதில்தான் இருக்கின்றன.

மானிட்டரை மாட்டி, லினக்ஸின் மையமான கர்னல் எழுதி வைக்கிற பதிவைப் பார்த்தேன். 'லிங்க் ஈஸ் அப், 1 ஜிபிபிஎஸ்' (கிகாபிட் வேகத்தில் இணைப்பு வந்தது) என்று ஒரு வரி, சில நொடியில் 'லிங்க் ஈஸ் டவுன்', திரும்ப அப், திரும்ப டவுன். கணினிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் நெட்வொர்க் கார்டு பட்டியலில் இருக்கிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது. ஸ்விட்சைக் கொன்ற இடி இதையும் பாதி கொன்றுவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

டிராயரில் ஆர்டிஎல்8139 என்ற பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டு (பிசிஐ ஸ்லாட்டில் செருகுவது) கிடந்தது. அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துச் செருகினேன். லினக்ஸ் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது, நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருந்ததால் ஐபி முகவரி வரவில்லை, அதைத் திருத்தியதும் வந்துவிட்டது. இடி மேலிருந்த சந்தேகம் உறுதியானது!

ஆனால் 40 ஜிபி வீடியோவை நகலெடுக்க ஒரு மணி நேரம். 100 மெகாபிட் கார்டில் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் எங்கே வரும்? எரிச்சலில் பழைய போர்ட்டிலேயே கேபிளைச் செருகி, பெயரையும் பழையபடி மாற்றி, நெட்வொர்க் கார்டின் அமைப்பை மாற்றும் ஈத்டூல் கட்டளையில், எதிர்முனைக்கு 100 மெகாபிட் வேகத்தை மட்டும் அறிவிக்கச் சொன்னேன். (ஆட்டோ நெகோஷியேஷனை, அதாவது இரண்டு முனையும் தாமே வேகத்தைப் பேசி முடிவு செய்வதை, அணைத்துவிட்டு வேகத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள், எதிர்முனை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும், அது தனித் தலைவலி.) லிங்க் அசையாமல் நின்றது, அரை மணி நேரம் ஆகியும் விழவில்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கேபிளுக்குள் இருக்கிற நான்கு ஜோடிக் கம்பிகளில் 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்று இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். வேகத்தைப் பேசி முடிவு செய்வதுகூட அந்த ஆரஞ்சு, பச்சையில்தான் நடக்கிறது, அதனால் இரண்டு முனையும் 1000 என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் மீதி ஜோடியில் வழுக்கி விழுகின்றன. பழைய ஸ்விட்சில் இத்தனை வருஷம் யாரும் அந்த மீதி இரண்டு ஜோடியைக் கேட்டதே இல்லை.

கேபிள் முனையை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பிளக்குக்குள் ஏழு கம்பிகள் கடைசி வரை போயிருக்க, பழுப்புக் கம்பி மட்டும் ஒரு மயிரிழை குட்டையாக, உலோகப் பல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கிரிம்ப் செய்தது (பிளக்கைக் கம்பிகள் மேல் அழுத்திப் பொருத்தியது) வேறு யாரும் இல்லை, நான்தான்.

வெட்டிப் புது பிளக் போட்டு, ஈத்டூலில் வைத்த கட்டுப்பாட்டை எடுத்ததும் 1000 என்று காட்டியது. 8139 திரும்ப டிராயருக்குப் போயிற்று. இந்தக் கேபிளைக் கிரிம்ப் செய்த அதே நாளில் செய்த இன்னும் இரண்டு கேபிள்கள் மாடியில் இருக்கின்றன, அவற்றை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.