நமீபியா மணல்மேடுகளும் ஒரு டயர் தண்டமும்

முதலில் டயர் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் தீராது. தலைநகர் விண்ட்ஹுக்கில் வாடகைக்கு எடுத்த கார், சோசுஸ்ஃப்ளே மணல்மேடுகளுக்குப் போகும் வழியில் பஞ்சர். தார் ரோடு முடிந்ததும் கிலோமீட்டர் கணக்கில் சரளைதான். கூரான கல் ஒன்று டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, காப்பீட்டில் டயர் சேராதாம்! புது டயருக்கு முழுக் காசையும் கறந்துவிட்டுத்தான் விட்டார்கள். சாவி வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தொலையுங்கள். ஸ்டெப்னி இரண்டு இருந்தால் உத்தமம்.

பஞ்சரான கையோடு சொலிட்டேர் வந்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு பெட்ரோல் பங்க், துருப்பிடித்த பழைய கார்கள், ஒரு பேக்கரி, ஊரே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்த ஆப்பிள் பை! கையகலத் துண்டு, மேலே மொறுமொறுவென்று. பட்ஜெட்டை மறந்து இன்னொன்று வாங்கினோம்.

சரி, தங்குமிடம். மணல்மேடுகளுக்கு நுழைவாயிலான செஸ்ரீமில், தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் முகாம் விலை கூடத்தான், முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தோம். ஆனால் வெளிக்கேட் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். உள்ளே தங்கினால் ஒரு மணி நேரம் முன்பே கிளம்பலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு. மணல்மேட்டின் ஒரு பக்கம் தகதகவென்று சிவப்பு, மறுபக்கம் கன்னங்கரிய நிழல். வெயில் ஏறினால் இது போய்விடும்.

செஸ்ரீமிலிருந்து 45ஆவது கிலோமீட்டரில் இருக்கும் ‘டியூன் 45’ மணல்மேட்டில் தர்ம தரிசன வரிசை மாதிரிக் கூட்டம். படம் எடுத்துவிட்டு நகருங்கள். கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல், நாலு சக்கர டிரைவ் வண்டி இல்லாவிட்டால் ஷட்டில்தான். அந்தத் தூரத்துக்கு அந்தக் கட்டணம் அநியாயம்.

அப்புறம் ‘பிக் டாடி’ மணல்மேடு. சுமார் 325 மீட்டர். கத்தி முனை போன்ற விளிம்பில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். இரும்புத் துருவால் சிவந்த மணல், ஷூ முழுக்க. உச்சியிலிருந்து பார்த்தால் கீழே வெள்ளைவெளேரென்று டெட்ஃப்ளே என்ற வறண்ட களிமண் படுகை. ஒரு காலத்தில் ட்சௌசாப் ஆற்று வெள்ளம் அங்கே வந்து தேங்கியிருக்கிறது. மணல்மேடுகள் வழியை அடைத்ததும் மரங்கள் பட்டுப்போயின. பல நூறு வருஷமாக, மட்குவதற்குக்கூட ஈரமில்லாமல் கருகி நிற்கின்றன.

இறங்குவது குஷி. செங்குத்துச் சரிவில் குதித்து ஓடினால் சில நிமிஷத்தில் தரை. அங்கே ஒரு ஆள் படத்துக்காக அந்த மரக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தார். யாரென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். முறைத்தார். முறைக்கட்டும்.