கால் கட்டைவிரல் ஆபரேஷன், எப்போ பண்ணலாம்னு ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன்

எங்கம்மாவுக்கும் இது இருந்துச்சு, கட்டைவிரல் அடியில எலும்பு புடைச்சிக்கிட்டு விரல் மட்டும் பக்கத்து விரல் மேல சாஞ்சிருக்கும், அதோடயே நடந்தாங்க. எனக்கு 35 வயசுல ஆரம்பிச்சுது. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில செக்கிங் வேலை, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே தான். லேடீஸ் ஷூ லாஸ்ட்டை, அதான் ஷூ செய்யற கால் அச்சை எடுத்து பாத்தா முன்னாடி கூரா இருக்கும், வருஷக்கணக்கா கையில புடிச்சிருக்கேன், அதுக்குள்ள விரலுங்க எப்டி இருக்கும்னு யோசிச்சதே இல்ல.

வேலூர்ல டாக்டர் நிக்க வச்சி எக்ஸ்ரே எடுத்தாரு, படுத்துக்கிட்டு எடுத்தா சாய்வு சரியா தெரியாதாம். 15 டிகிரிக்குள்ள இருந்தா நார்மல், எனக்கு 32. இந்த புடைப்புக்கு இங்கிலீஷ்ல பனியன் (bunion)னு பேரு சொன்னாரு. "பாக்க நல்லா இல்லன்னு மட்டும்னா ஆபரேஷன் வேணாம்மா, வலிக்குதான்னு பாரு"ன்னாரு. அகலமான செருப்பு, சிலிக்கான் பேட் எல்லாம் போட்டேன், வலி கொறைஞ்சுது, ஆனா விரலை அது நேராக்காது.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போவச்சொல்ல படி ஏற முடியல. எல்லாரும் மேல போயிட்டாங்க, நான் கீழ செருப்புங்களை பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது விரல் வேற கட்டைவிரல் மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரி போர்வை பட்டாலே சுருக்குன்னும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மாமியார் தான் "நம்மூரு வெயில்ல கட்டோட படுக்க முடியாதும்மா, பொங்கல் முடிஞ்சதும் வச்சிக்க, வீட்டை நான் பாத்துக்கறேன்"னாங்க. அந்த நல்ல மனசு இல்லன்னா நான் பண்ணியே இருக்க மாட்டேன்.

முதுகுல ஊசி போட்டு, எலும்பை வெட்டி நகர்த்தி ரெண்டு ஸ்க்ரூ. அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு, கஷ்டம் அப்புறம் தான். மொத ரெண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேல தூக்கி தலகாணி மேல வச்சிக்கணும், பாத்ரூம் போக கீழ எறக்கினா ரத்தம் விர்ருன்னு எறங்கி விரலெல்லாம் கத்திரிப்பூ கலர் ஆயிடும். பாத்ரூம்ல பிளாஸ்டிக் சேர் போட்டு, காலுக்கு கவர் மாட்டி ரப்பர் பேண்டு போட்டு தான் குளியல். 14ஆம் நாள் தையல் பிரிச்சாங்க. 6 வாரம் குதிகால்ல மட்டும் ஊன்றதுக்கு தனி செருப்பு, அப்புறம் எக்ஸ்ரே பாத்துட்டு தான் அகலமான ஷூ போட சொன்னாங்க. ஸ்கூட்டி ரெண்டு மாசம் கழிச்சு. நின்னு பாக்கற வேலைன்றதால மூணு மாசம் லீவு, சம்பளம் இல்லாம, அதுக்கு முன்னாடியே காசு சேத்து வைங்க.

ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல உறுத்துது. விரலை மடக்கி பயிற்சி பண்ணணும்னு எனக்கு யாரும் சரியா சொல்லல, விரல் கட்டை மாதிரி ஆனப்புறம் தான் நானா போயி கேட்டேன். நீங்க தையல் பிரிக்கற அன்னிக்கே கேட்டுடுங்க, எப்போலேர்ந்து மடக்கலாம், எவ்ளோ மடக்கலாம்னு.

இந்த ஆடிக்கு படி ஏறிட்டேன், ஆறு மாசம் ஆகியும் சாயங்காலமானா லேசா வீங்குது, ஒரு வருஷம் கூட ஆகலாம்னாரு டாக்டர். இடது கால்லயும் புடைப்பு இருக்குது, வலி இல்ல, அதை தொடல.