நாலு ஆடும் ஒரு காதுவில்லையும்

எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. அப்பா போன பிறகு அம்மாவுக்கு நூறு நாள் வேலையும் களையெடுப்பும்தான் பிழைப்பு. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் எங்கள் ஊருக்கு 2013-ல் வந்தது. அஞ்சு வருஷத்தில் 7 லட்சம் குடும்பத்துக்குத் தலா நாலு ஆடு என்று கணக்கு.

நிலம் இருக்கக் கூடாது, வீட்டில் ஏற்கெனவே ஆடுமாடு இருக்கக் கூடாது. கிராம சபையில் பட்டியலை வாசித்தபோது முப்பது உருப்படி வைத்திருக்கிறவர் பெயரும் வந்தது. பட்டி மச்சினன் பெயரில் இருக்கிறதாம். கூட்டம் சிரித்ததே தவிர, யாரும் எழுந்து கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, எங்கள் பெயர் வந்துவிட்டதே என்கிற பயம்தான்.

ஆடு கைக்கு வருமுன் அரைநாள் வகுப்பு. வேப்பமரத்தடியில் கால்நடை டாக்டரய்யா பேசப் பேச, அம்மாவுக்காக நான் நோட்டில் எழுதினேன். பனி காயுமுன் மேய்ச்சலுக்கு விடாதீர்கள், இளஞ்சோளத் தளிர் விஷம், அதில் வாய் வைக்க விடாதீர்கள் என்றார். “இதைக் கேக்கவா பஸ் ஏறி வந்தோம்?” என்று அம்மா என் காதில் முணுமுணுத்தாள். ஆனால் குடற்புழு மருந்து ஊற்றுவதைக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும், வாய் கண் மட்டத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். ஊரில் எல்லாரும் அண்ணாத்தித்தான் ஊற்றுவோம். எத்தனை ஆடு அப்படிச் செத்ததோ!

கடைசியாகக் காதுவில்லை, அதாவது ஆட்டின் காதில் அடிக்கிற நம்பர் வில்லை பற்றிச் சொன்னார். இன்சூரன்ஸ் நம்பர் அதில்தான் இருக்கிறது, விழுந்தால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன்.

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். விடியுமுன்னே போய்விட்டோம். நாலு ஆட்டுக்கும் சேர்த்து அரசு கொடுப்பது 10,000 ரூபாய், அதற்குள் ஆட்டைப் பார்த்துப் பிடிப்பது நம் பொறுப்பு. அதிகாரிகளோடு வருகிறோம் என்று தெரிந்ததுமே வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டார்கள். முந்தின வருஷம் மழை பொய்த்து, தீவனமில்லாமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களிடம்தான் அம்மா போனாள்.

வாயைப் பிளந்து பல் பார்த்தாள். புழுக்கையைக் காலால் நசுக்கிப் பார்த்தாள். மினுமினுவென்று நின்ற ஆட்டை எல்லாம் விட்டுவிட்டு, முகத்தில் ரெண்டு வெள்ளைக் கோடு ஓடிய கன்னி இனத்து நோஞ்சான் ஆடு ஒன்றுக்கு முன் குந்தினாள். கூட வந்த அலுவலர், “இதையாம்மா எடுக்கிறீங்க, எலும்பா இருக்கே” என்றார். “ஏட்டி, மடியைத் தொட்டுப் பாரு” என்றாள் அம்மா என்னிடம். தொட்டால் எனக்கு என்ன தெரியும்? சினை ஆடு! மூணே மாதத்தில் ரெட்டைக் குட்டி போட்டது. மற்ற ரெண்டு பெட்டையையும் ஒரு கிடாயையும் அவசரத்தில் பிடித்தோம், சுமார்தான். வில்லை அடித்து, வண்டியில் ஏற்றி, ரெண்டு வருஷத்துக்கு விற்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

முதல் மாதம் கஷ்டம். புது இடத்தில் ஒன்று தண்ணீரே குடிக்கவில்லை. கருவேல நெற்றுப் பொறுக்கவே ரெண்டு பேர் வேண்டும். குட்டிகள் பிறந்த பிறகு, அவற்றைக் கொடாப்பு என்கிற பெரிய கூடையில் கவிழ்த்துவிட்டுத்தான் அம்மா வேலைக்குப் போவாள்.

மழை பெய்து, அறுத்த சோளக் காட்டில் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு இளந்தளிராகக் கிளம்பியிருந்தது. அன்று மேய்க்கப் போனவள் நான். போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது ஒரு பெட்டை காட்டுக்குள் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் தள்ளாடியது, மூச்சு வாங்கியது, காலை உதைத்துக்கொண்டு விழுந்தது. டாக்டரய்யா வருவதற்குள் முடிந்துவிட்டது. வகுப்பில் அதை எழுதியவளே நான்தான்!

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம். டாக்டரய்யா அறுத்துப் பார்த்து சர்டிபிகேட் எழுதப் பேனாவை எடுத்தார். “வில்லை எங்கம்மா?”

ஒரு மாதத்துக்கு முன் உடைமுள்ளில் மாட்டி, காது கிழிந்து எங்கோ விழுந்துவிட்டது. புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றினோம். போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு வில்லை அடித்து, புது நம்பரைப் பதிந்திருப்பார்கள். வில்லை இல்லையென்றால் பணமும் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தேன். மூன்றாவது தடவை என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விதி அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். உட்காரச் சொல்லியிருக்கலாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் அவளே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள், அது இன்னும் சுட்டது.

ரெண்டு வருஷம் முடிந்தபோது பட்டியில் பதினோரு உருப்படி இருந்தது. அதில் பாதி அந்த நோஞ்சானின் வம்சம். முதலில் விற்ற ரெண்டு கிடாயில் என் காலேஜ் பாக்கி தீர்ந்தது. இன்சூரன்சும் அத்தோடு முடிந்தது, இப்போது எந்த ஆட்டுக்கும் வில்லை கிடையாது. ஆனாலும் அம்மா சாயங்காலம் பட்டியை அடைக்கும்போது ஒவ்வொன்றின் காதையும் தடவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள்.