கூலரின் இரைச்சலை எவ்வளவு தூரத்திலிருந்து அளந்தார்கள்?

கணினியின் மையச் செயலியை (சிபியு) விசிறியால் குளிர்விக்கும் கூலரின் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபெல் (ஒலி அளவு) எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள், அந்த அளவை எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறைந்துவிடும் என்பதால், தூரத்தைச் சொல்லாத எண்ணை வேறொரு கூலரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

வீட்டில் அளப்பவர்களுக்கு அறையின் ஓசையே பெரிய தடை. மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் நகரத்து அறை 30 டெசிபெல்லுக்குக் கீழே எளிதில் இறங்காது. விலை குறைந்த ஒலிமானிகள் பலவும் அதற்குக் கீழே அளப்பதே இல்லை. கூலர் ஓடும்போது கிடைக்கும் அளவு, அது நின்றபின் கிடைப்பதைவிட 10 டெசிபெல் கூடுதலாக இருந்தால் அப்படியே நம்பலாம். வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே என்றால், பதிவான ஒலியில் பாதி அறையினுடையது. மைக்கை நெருக்கமாக, ஆனால் காற்று நேரே மோதாத பக்கத்தில் வைப்பதே இதற்கு வழி.

கூலர் விசிறியின் வேகத்தை அளப்பது எளிது. நான்கு கம்பி விசிறியில் மூன்றாவது கம்பி, சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. வினாடிக்கு 50 துடிப்புகள் என்றால் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்றுகள்). நான்காவது கம்பியில் செல்லும் பிடபிள்யூஎம் சதவீதம், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்துடிப்பின் அளவு, அதையே வேகம் என்று எண்ணிவிடக் கூடாது; 50 சதவீதத்தில் எல்லா விசிறியும் பாதி வேகத்தில் ஓடுவதில்லை. குறித்துவைக்க வேண்டியது ஆர்பிஎம்தான்.

வேகம் இரட்டிப்பானால் காற்றோட்டமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இரைச்சலோ 15 டெசிபெல் வரை ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சுமார் 5 டெசிபெல் இறங்கும். ஆகவே முழு வேகத்தில் வைத்து சிபியுவின் வெப்பநிலையை ஒப்பிடும் சோதனை, அதிகம் கத்தும் கூலருக்கே பரிசளிக்கிறது. எல்லாக் கூலர்களையும் ஒரே தூரத்தில், ஒரே இரைச்சல் அளவுக்குக் கொண்டுவந்து, அறை வெப்பநிலையைக் கழித்தபின் ஒப்பிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அப்போதும் மானி சொல்லாத ஒன்று உண்டு. ஏழு இதழ் விசிறி 1500 ஆர்பிஎம்மில் 175 ஹெர்ட்ஸில் முனகும். மனிதக் காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்தப்பட்ட ஏ-எடையிட்ட அளவீடு அந்தத் தாழ்ந்த ஒலியைப் பத்து டெசிபெல்லுக்கும் மேல் குறைத்தே காட்டும். வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே காதால் கேட்டு, முனகல் எழும் ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தை மாற்றும் கோட்டை அமைக்கும்போது அந்த வேகத்தில் தங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.