நீர்வேலியில் ஒரு சின்ன மெசின்

2024 ஜூலை 14, ஞாயிறு

சின்ன உழவு மெசின் (ட்ரக்ரர்) ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தாயிற்று. அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

எங்களுக்கு யாழ்ப்பாணத்து நீர்வேலியில் தோட்டம் 9 பரப்பு, கிழக்கே கடல்நீரேரிப் பக்கமாக வயல் 12 பரப்பு. 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். இந்தக் கணக்கை ஏக்கர் ஏக்கராக வயல் உள்ள வன்னியில் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிய உழவு மெசின் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் இரண்டு பக்க வேலிக் கதியாலும் முறியும். தோட்டத்துக்குள் திரும்ப இடம் போதாமல் நாலு மூலையையும் விட்டுவிட்டுப் போய்விடும். அந்த மூலைகளை மண்வெட்டியால் கொத்துகிறவன் நான். முன்பு பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டர் ஒன்று வைத்திருந்தோம். அதன் பின்னால் நடந்து நடந்து அப்பாவின் முழங்கால் போனதுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய கரைச்சல், முதல் மழை விழுந்த மறுநாள் ஊரில் எல்லோருக்கும் உழவு வேண்டும். கூலிக்கு உழுகிறவர் "நாளைக்கு வாறன்" என்பார். அவருடைய நாளை ஒரு கிழமை நீளம்.

ஆகவே ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்த நாலு சில்லுக் குட்டி மெசின். குபோட்டா, யன்மார், இசேக்கி மூன்றையும் தேடிப் பார்க்கிறேன். அகலம் ஒரு மீற்றர் சொச்சம்தான். கதியால் தப்பும்.

ஜூலை 20, சனி

வவுனியாவில் பழைய மெசின் விற்கும் ஒரு யார்ட். போய் இறங்கும்போது காலை ஒன்பது மணி. மூன்றாவதாக நின்றதுதான் மனதுக்குப் பிடித்தது. 16 குதிரைவலு, மூன்று சிலிண்டர், பின்னால் மண்ணைக் கிண்டும் ரொட்டவேற்றர். புதுப் பெயின்ற் மினுங்கியது.

எஞ்சினில் கையை வைத்தேன். சூடு.

"இப்பதான் கழுவிப்போட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தனாங்கள் தம்பி" என்றார் யார்ட்காரர்.

நான் வரப்போவது தெரிந்து சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் ஒரு வருத்தத்தையும் வெளியே காட்டாது. மீற்றரில் 612 மணித்தியாலம் என்று நிற்கிறது. ஆனால் கிளச் மிதியின் றப்பர் வழுவழுவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிகிறது. 612 மணித்தியாலத்தில் இப்படித் தேய்க்க யானை வேண்டும். மீற்றரை விட்டுவிட்டு மிதி, ஸ்ரேரிங், பின்னால் கொழுவும் ஓட்டைகள் ஆகியவற்றைப் பார்த்தேன். ஓட்டைகள் இன்னும் வட்டமாகவே இருந்தன. அது நல்ல சகுனம். இழுத்து இழுத்து ஓடியிருந்தால் அவை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும்.

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாறன் அண்ணை. அதுவரைக்கும் கை வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு மச்சான் வீட்டில் படுத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று எஞ்சின் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர். சாவியை இடப்பக்கம் திருப்பிப் பதினைந்து எண்ணினேன். எங்கள் வெயிலில் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்தப் பழைய டீசல் எஞ்சின்களுக்கு உள்ளே ஒரு சின்ன அறை இருக்கிறது, அதைச் சூடாக்காவிட்டால் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மூன்றாவது சுற்றில் பிடித்தது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரம், பிறகு ஒன்றுமில்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தேன். லேசான ஆவி, அவ்வளவுதான். ரொட்டவேற்றரை நிலத்தில் இறக்கிய போதும் சத்தம் விழவில்லை.

சேஸிஸ் நம்பரைப் பெயின்ற் மூடியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத்தான் புத்தகத்தோடு ஒப்பிட முடிந்தது. சரியாக இருந்தது.

முன் அச்சின் ஒயில் நட்டைக் கழற்றிப் பார்க்கக் கேட்டேன். "அது தேவையில்லாத வேலை" என்றார். விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று அப்போதே உள்ளுக்குள் தெரியும். விலை பதினாலரை லட்சத்தில் தொடங்கிப் பதின்மூன்றே முக்காலில் முடிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆனையிறவில் அடித்த காற்றுக்குச் சீற்றுக்கு மேல் கட்டிய படங்கு பறந்து போய்விட்டது, திரும்பி எடுக்கவில்லை.

அப்பா இரண்டு முறை சுற்றி வந்தார். "சின்னன்" என்றார். பிறகு ஏறி இருந்தார். இறங்கவே இல்லை. அம்மா விலையைக் கேட்டார். நான் லொறிக் கூலியைச் சொன்னேன்.

ஓகஸ்ட் 3, சனி

இணுவிலில் இருந்து மெக்கானிக் அண்ணை வந்தார். முன்பு ஒஸ்ரின் ஏ40 கார்களைத் திருத்தி ஓடவைத்த பரம்பரை. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டச் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு ஜப்பான் எழுத்து ஒரு தடையா? லிவருக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து, "எழுத்து விளங்காட்டி என்ன, இரும்பு விளங்கும்" என்றார்.

முதலில் எஞ்சின் ஒயில். கறுப்பு, ஆனால் பிழையில்லை. அடுத்து, வவுனியாவில் நான் விட்டுவிட்ட அந்த முன் அச்சு நட்டு. கழற்றியதும் கோப்பைக்குள் விழுந்ததைப் பார்த்து இருவரும் பேசாமல் இருந்தோம். அசல் பால்த் தேத்தண்ணி. அதே நிறம், அதே தடிப்பு. ஒயில் கசியாமல் காக்கும் சீல் போய், எத்தனையோ வருடம் வயல் சேற்றுத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கழற்றியபோது ஒரு பேரிங் கையில் கரகரத்தது.

இங்கேதான் ஒரு விசயம் படித்தேன். ஒயில் சீலின் உடம்பில் இருக்கும் இலக்கங்கள் அதன் அளவுதான்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. மெசினின் மொடல் பெயரைச் சொல்லிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை, அந்த மூன்று இலக்கத்தைச் சொன்னால் போதும். பேரிங்கும் அப்படித்தான். 6205 என்றால் உள்ளே 25 மில்லிமீற்றர், வெளியே 52, அகலம் 15. எந்த நாட்டில் செய்தாலும் அதே அளவு. யாழ்ப்பாணம் ரவுணில் மூன்றாவது கடையிலேயே எல்லாம் கிடைத்தது.

கியர்பெட்டி ஒயில் தப்பியிருந்தது. ஆனாலும் மாற்றினோம். பின்னால் தூக்கும் ஹைட்ரோலிக்கும் அதே ஒயிலில்தான் ஓடுகிறது, அதனால் சாதாரணக் கியர் ஒயிலை ஊற்றக் கூடாது, உழவு மெசினுக்கென்று இருக்கும் ஒயில்தான் வேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். விலையைக் கேட்டதும் எனக்கும் கொஞ்சம் கரகரத்தது.

ஓகஸ்ட் 10, சனி

நேற்று நல்லூர்க் கொடியேற்றம். அண்ணை விரதம், ஆனாலும் வந்தார்.

அரை மணித்தியாலம் உழுதால் சூட்டு முள் சிவப்புக்குப் போகிறது. ரேடியேற்றரின் முகத்தில் வைக்கோல் தூசி அடைத்திருந்தது, அதை ஊதி எடுத்தும் பயனில்லை. மேல் ஹோசைக் கழற்றினார். ரேடியேற்றருக்குள் டோர்ச் அடித்து, "எட்டிப் பாருங்கோ" என்றார்.

எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தது போலவே இருந்தது. சாம்பல் வெள்ளையில் ஓடு ஓடாகச் சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினேன், முட்டைக்கோதுத் தடிப்பில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருகிறது, கொதிக்கக் கொதிக்கக் கல்லாகிறது. இந்த மெசின் ஏற்கெனவே எங்கோ இப்படியான கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் வந்திருக்கிறது. வவுனியாவில் நான் எஞ்சின், மிதி, ஓட்டை எல்லாம் பார்த்தேன். ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கவில்லை.

அப்பா: "கேத்திலுக்குப் புளி போட்டுக் கொதிக்க வைக்கிறதெல்லே. இதுக்கும் புளியைக் கரைச்சு ஊத்துங்கோவன்."

அண்ணை சிரிக்கவில்லை. "அதேதான் ஐயா, கொஞ்சம் கடுமையாய்" என்று சிற்றிக் அசிட்டைக் கரைத்து ஊற்றினார். இருபது நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டுத் திறந்தோம். தேயிலைச் சாயத்தில் ஊத்தை. மூன்று முறை கழுவினோம். கடைசியில் பாதி கூலன்ட், பாதி பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர்.

போத்தல் தண்ணீர் வாங்கி மெசினுக்கு ஊற்றுவதை அப்பாவால் தாங்க முடியவில்லை. "வீட்டிலை கிணறு இருக்கு, இவர் கடையிலை தண்ணி வாங்குறார்" என்று மதிலுக்கு அங்காலே நின்றவருக்கும் கேட்கச் சொன்னார்.

ஓகஸ்ட் 24, சனி

லொறி, ஒயில், சீல், பேரிங், புதுப் பற்றறி, பெல்ற், ஹோஸ், அண்ணையின் கூலி. ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பழசு வாங்குகிறவர்கள் விலையில் பத்தில் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் மெசின் கொட்டிலுக்குள் நிற்கும், நீங்கள் மண்வெட்டியோடு நிற்பீர்கள்.

செப்டெம்பர் 7, சனி

தோட்டம் முழுவதும் உழுதேன், நாலு மூலையும் உட்பட. ரொட்டவேற்றர்க் கத்தி ஒன்று கல்லில் பட்டு வளைந்தது. செம்மண்ணில் அது இல்லாமல் இராது.

பின்னேரம் வாழைக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. எண்ணெய்த் தாங்கி நிறைய டீசல். பில்டர்க் கண்ணாடியைப் பார்த்தால் அடியில் தண்ணீர், அதற்கு மேல் கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று. காலையில் எண்ணெய் நிரப்பியது அப்பா. எங்கிருந்து என்று கேட்டேன். கோடிப்புறத்தில் ஒரு 20 லீற்றர்க் கான் இருந்ததாம். 2022 இல், டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போன நேரம், வரிசையில் நின்று வாங்கிச் சேமித்தது. இரண்டு வருடம் வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டு, கானின் சுவர் வேர்த்த தண்ணீர் முழுக்க அடியில் இறங்கியிருக்கிறது.

கோபப்படவில்லை. தடைக் காலத்தைப் பார்த்தவர்களின் வீட்டில் ஒரு கான் எங்கேயோ இருக்கத்தான் செய்யும்.

பில்டரை மாற்றினால் காற்றெடுக்க வேண்டும். பில்டர்த் தலையில் உள்ள சின்ன நட்டைத் தளர்த்தினால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். அதை இறுக்கிவிட்டு மூன்று இன்ஜெக்டரிலும் ஒவ்வொன்றாக அதே வேலை. இருட்டிவிட்டது. அப்பா டோர்ச் பிடித்தார், வெளிச்சம் முழுக்க என் முகத்தில்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

தேர்தல் முடிந்து நேற்று இரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். காலையில் நண்பகல் வரை நீடித்துவிட்டார்கள். வேறு வேலையில்லை, கிறீஸ் அடித்தேன். கிறீஸ் ஏற்றும் முலை (நிப்பிள்) பதினொன்று எண்ணினேன், ஒன்று பெயின்றுக்குள் ஒளித்திருந்தது.

ரொட்டவேற்றருக்குப் போகும் சாப்ற்றுக்கு மூடி இல்லாததுதான் என் பயம். நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு. எங்கள் ஆட்கள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அதற்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். சாரத் தலைப்பு ஒரு தரம் பிடிபட்டால் கையை நீட்டி நிறுத்த நேரம் இருக்காது. சுன்னாகத்தில் ஒட்டுவேலை செய்பவரிடம் தகட்டில் ஒரு மூடி சொல்லியிருக்கிறேன். அதுவரை சாரம் கட்டியவர்களுக்குப் பின்பக்கம் தடை. அப்பாவுக்கும்தான். அவர் காற்சட்டை போட்டு நான் கண்டதில்லை, ஆகவே தூரத்தில் கதிரை போட்டு இருந்து கட்டளையிடுகிறார்.

ஒக்டோபர் 12, சனி

மானம்பூ, விஜயதசமி நாள். மெசினுக்குச் சந்தனம், குங்குமம், அறுகம்புல். அம்மாவும் ஒரு பூ வைத்தார். விலை இப்போது தெரியும்.

வயலைப் புழுதியாக உழுது விதைத்து ஒரு கிழமை. 12 பரப்பும் ஒரு காலையில் முடிந்தது. வரம்பு ஏறும்போது மட்டும் இறங்கி வரம்பை வெட்டித் திறந்துவிட்டுத்தான் ஏற்றினேன். கவிழ்ந்தால் தலைக்கு மேல் காக்கும் வளையம் இந்தப் பழைய மெசின்களில் இல்லை.

நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக விடாத மழை. வயல் எது, நீரேரி எது என்று தெரியவில்லை. விதைத்தது என்னவாகும் என்று வடிந்தபிறகுதான் பார்க்கலாம். கொட்டிலுக்குள்ளும் வெள்ளம். முன் சில்லு பாதிக்கு மேல் தாழ்ந்திருக்கிறது, அச்சு முழுக்கத் தண்ணீருக்குள். எஞ்சினுக்கு எட்டவில்லை.

டிசெம்பர் 1, ஞாயிறு

வடிந்துவிட்டது. வயலில் பள்ளப் பக்கம் நாலு பரப்பு அழுகல், மிச்சம் நிமிரும் போல் இருக்கிறது.

மெசினின் முன் அச்சு நட்டை மெதுவாகத் தளர்த்தினேன். ஒயிலைவிடத் தண்ணீர் கனம், உள்ளே போயிருந்தால் முதலில் அதுதான் வரும். முதல் சொட்டு, இரண்டாவது சொட்டு. தேன் நிறம். அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பின்னை?" என்றார்.

அப்பா மழைக்கு முதலே ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு நீலப் பீப்பா வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடித்தாராம். பழைய வேட்டித் துணியால் வாய் கட்டி, பெயின்றால் "மெசினுக்கு" என்று எழுதியிருக்கிறார். இனிக் கடைத் தண்ணீர் வேண்டாமாம்.

காலையில் அம்மா அதிலிருந்து ஒரு கேத்தில் அள்ளிக்கொண்டு போனார். அப்பா பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தேத்தண்ணி வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஊற்றினால் மேலே வழக்கமாக மிதக்கும் அந்த ஆடை இல்லை.