வலப்பக்கத்துப் புள்ளி

டொரண்டோவில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. போன பனிக்காலத்தில் கனடியப் பூர்வகுடி மொழியான ஒஜிப்வேயில் ஒரு சின்ன வேட்டைக் கதைப் புத்தகம் கைக்கு வந்தது. எழுதியவர் வடமேற்கு ஒன்ராறியோவைச் சேர்ந்த பெரியவர். கோப்பைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்து முழித்தவன் நான். அதே கதைதான்: பழைய எழுத்துரு, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

புத்தகத்தில் இருந்தது, 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் பாதிரியார் கனடாவின் நோர்வே ஹவுஸ் என்ற ஊரில் அச்சேற்றிய எழுத்துமுறை. உருவம் மெய்யைச் சொல்லும். உருவம் திரும்பியிருக்கும் திசை உயிரைச் சொல்லும். யூனிகோடில் 1999இல் ஏறியது. நாம் ககரத்தோடு உயிர்க்குறியைச் சேர்ப்பதுபோல் அங்கே இல்லை, ஒவ்வொரு அசைக்கும் தனிக் குறியெண். அப்படியானால் மாற்றுவது சுலபம், இரண்டு மணி நேர வேலை என்று நினைத்தேன்.

மாட்டிக்கொண்டது 'ன்வி'யில். துப்பாக்கிக் குண்டுக்கு ஒஜிப்வேயில் 'அன்வி'. வேட்டைக் கதை என்பதால் பக்கத்துக்குப் பக்கம் குண்டு! 'னி'யின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் 'ன்வி'. யூனிகோடில் 1999இல் ஏறிய முதல் தொகுதியில் ன்வே இருக்கிறது, ன்வா இருக்கிறது, இது மட்டும் இல்லை. சரி என்று 'னி'யை அடித்து, 1427 என்ற குறியெண் கொண்ட தனிப் புள்ளியை ஒட்டவைத்தேன். புள்ளி ஒட்டாமல் தள்ளி நின்றது.

இருபது பக்கம் போன பிறகுதான் 2009இல் சேர்த்த நீட்சித் தொகுதி கண்ணில் பட்டது. அதில் குறியெண் 18சி6, பெயர் 'ன்வி'. அப்பாடா என்று அதைப் போட்டு மெய்ப்பு அனுப்பினேன். மறுநாள் பெரியவரின் பேத்தி தொலைபேசியில் அழைத்தார். "தாத்தா கேட்கிறார், புள்ளி ஏன் இடப்பக்கம் போயிருக்கிறது?"

கிழக்கே இருப்பவர்கள் அந்தப் புள்ளியை இடப்பக்கம் வைப்பார்கள், மேற்கே வலப்பக்கம். முதல் தொகுதியில் வலப்புள்ளி எழுத்துகளின் பெயர்களில் 'மேற்கு க்ரீ' என்ற அடை இருக்கும்; க்ரீ இதே எழுத்தில் எழுதும் இன்னொரு பூர்வகுடி மொழி. அந்தப் பெயரில் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த கட்டத்திலேயே இருந்தது: 18சி7, 'ஒஜிப்வே ன்வி'. ஒரே வகைப் புள்ளிக்கு ஒரு தொகுதியில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். யாரை நோவது!

அதைப் போட்டதும் எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டி தெரிந்தது. நான் தேர்ந்த எழுத்துருவில் அந்த எழுத்தே இல்லை. நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பத்தின் கனடியப் பூர்வகுடி எழுத்துருவில் இருந்தது. புத்தகம் முழுவதையும் அதற்கு மாற்றினேன்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. அன்வியைத் தேடினால் பாதிதான் அகப்பட்டது. மீதி, நான் முதலில் ஒட்டவைத்த இரண்டு துண்டுகள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோடில் விதி இல்லாததால் சமமான வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்கமும் உதவாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன். நெடிலுக்கு மேலே வைக்கும் புள்ளியைப் பெரியவர் எங்குமே வைக்கவில்லை; அதைத் 'திருத்த' நான் போகவில்லை.

மின்னூலை அனுப்பியதும் பேத்தி மறுபடி அழைத்தார். தாத்தாவின் தொலைபேசியில் குண்டு இருந்த இடமெல்லாம் பெட்டியாம். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து, இரண்டாம் முறை அனுப்பினேன்.